முன்சக்கர பேரிங் நட்டைத் தவறாக இறுக்கியது பற்றிய புகார்

பெறுநர்: சர்வீஸ் மேலாளர் அவர்களுக்கு

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் என் பழைய வேனின் முன்சக்கர பேரிங்குகளைக் கழுவி, புதுக் கிரீஸ் வைத்துத் தரச் சொல்லி உங்கள் பட்டறையில் விட்டேன். கிரீஸ் வைத்ததில் எனக்குக் குறையில்லை. கடைசி ஐந்து நிமிட வேலையில்தான் வினை.

வண்டியை எடுத்த அன்றே, முப்பது கிலோமீட்டர் தாண்டியிருக்க மாட்டேன், கிரீஸ் கருகிய வாடை வந்தது. இறங்கி இடது ஹப் மூடியில் விரல் வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். வலது பக்கம் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஜாக்கி போட்டுத் தூக்கிச் சுற்றினால் சக்கரம் அரைச் சுற்றில் நின்றது. போனில் கேட்டதற்கு "பிரேக் பிடிச்சிருக்கும் சார்" என்றார் உங்கள் மெக்கானிக். பிரேக் பிடிக்கும் பாகமான காலிப்பரைக் கழற்றித் தொங்கவிட்ட பிறகும் அதே கதைதான்.

திரும்பக் கொண்டுவந்தேன். நட்டை அரைச் சுற்று தளர்த்திவிட்டு, "இப்ப சரி" என்று அனுப்பினார்கள். சரியில்லை. ஸ்டீயரிங் நடுங்குகிறது. பிரேக் மிதி முதல் மிதியில் ஆழமாக இறங்கி, இரண்டாவது மிதிக்குத்தான் பிடிக்கிறது. சக்கரத்தோடு பிரேக் டிஸ்க் ஆடும்போது பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது, அதனால்தான். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் டக், டக் என்று கையில் தெரிகிறது.

இது டேப்பர் பேரிங், அதாவது கூம்பு வடிவ உருளைகள் கொண்டது. முதல் தடவை அந்த நட்டை ஏர் கன்னில் இறுக்கியதை நானே பார்த்தேன். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஸ்பேனரால் இறுக்குவது உருளைகள் ஒழுங்காக உட்காருவதற்கு. உட்கார்ந்ததும் நட்டைத் தளர்த்தி, விரலால் முட்டும்வரை மட்டும் திருப்ப வேண்டும். நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னுக்கான துளை நேராக வரவில்லையா, நட்டின் அடுத்த பள்ளத்துக்கு இறுக்கக் கூடாது, கொஞ்சம் தளர்த்தித்தான் நேராக்க வேண்டும். என் வண்டிக் கையேட்டின்படி மிஞ்ச வேண்டிய ஆட்டம் 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர் வரை. ஏறக்குறைய ஒரு தலைமுடி கனம். அரைச் சுற்று எங்கே, இது எங்கே!

இன்னொன்று. மூடியைக் கழற்றினால் பழைய காட்டர் பின்னையே நிமிர்த்தி மறுபடி மடக்கியிருக்கிறார்கள். ஒரு கால் பாதி ஒடிந்து நிற்கிறது. பில்லில் மட்டும் புதுப் பின்!

சூடேறிய பேரிங்கை இனி நான் நம்பத் தயாரில்லை. இடது சக்கரத்தின் உள், வெளி பேரிங் இரண்டையும் கப்புகளோடு (வெளி வளையங்களோடு) மாற்றி, புது ஆயில் சீலும் புதுப் பின்னும் போட்டு, நான் பக்கத்தில் நிற்கும்போது கையால் அட்ஜஸ்ட் செய்து தர வேண்டும். வலது பக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டும். செலவு உங்களுடையது. முதலில் வாங்கிய கூலியையும் திருப்பித் தர வேண்டும்.

வேன் இப்போது ஸ்டாண்டில் நிற்கிறது. இந்தச் சக்கரத்தோடு நான் ஓட்டி வர மாட்டேன். ஆள் அனுப்பி நீங்கள்தான் ஏற்றிப் போக வேண்டும். என்றைக்கு வருவீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்