தூக்கத்துக்குத் தூக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடிப் பதினெட்டையொட்டி எங்கள் சங்ககிரி மலைக்கோட்டை பற்றி நீங்கள் போட்ட கட்டுரையைப் படித்தேன். 1805 ஜூலை 31 அன்று தீரன் சின்னமலையை இங்கே தூக்கிலிட்டதைச் சொல்லிவிட்டு, ‘ராணுவம் உயிரெடுக்கிற காலம் கும்பினியோடு (கிழக்கிந்தியக் கம்பெனியோடு) போயிற்று’ என்று முடித்திருந்தீர்கள். அந்தக் கடைசி வரி சரியில்லை. பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

சின்னமலைக்கு அடுத்த வருடம் வேலூரில் கிளர்ந்த சிப்பாய்கள் சிலரைக் கும்பினி பீரங்கி வாயில் கட்டிச் சுட்டது. சரி, அது எதிர்த்தவர்களுக்குச் செய்தது. தன் பக்கம் நின்று சண்டை போட்டவர்களுக்கு என்ன செய்தார்கள்? முதல் உலகப் போரில் ஓடிப்போனான், பயந்தான் என்றெல்லாம் சொல்லி 306 பேரைப் பிரிட்டிஷ் ராணுவமே நிறுத்தி வைத்துச் சுட்டது. அதில் இரண்டு பேர் செய்த குற்றம், மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) காவலில் தூங்கியது. அவர்களுக்கெல்லாம் மன்னிப்புக் கிடைக்க 2006 ஆயிற்று. ஓடிப்போவதற்கும் பயத்துக்கும் மரண தண்டனை கூடாது என்று 1930இலேயே அவர்கள் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நாமோ 1950இல் நம் ராணுவச் சட்டத்தை எழுதும்போது அந்த மரண தண்டனைகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டோம்.

அதில் 34ஆம் பிரிவைப் பாருங்கள். எதிரிக்குக் கோட்டையை ஒப்படைப்பவனும், போர்க்காலத்தில் காவலில் தூங்கிப்போகிற சென்ட்ரியும் ஒரே பிரிவில் வருகிறார்கள். இரண்டுக்கும் மரணம் வரை கொடுக்கலாம். தூக்கிலா, துப்பாக்கியிலா என்பதையும் கோர்ட் மார்ஷலே, அதாவது ராணுவ நீதிமன்றமே சொல்லலாம்.

நினைத்தபடி கொடுத்துவிட முடியாதுதான். ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது 5 அதிகாரிகள் உட்கார வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் மேலே உறுதியாக வேண்டும். ஜனாதிபதியிடம் கருணை மனு போடலாம். ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வந்த பிறகு மேல்முறையீடும் உண்டு, சென்னையிலேயே அதற்கு அமர்வு இருக்கிறது. தூங்கியதற்காக யாரையும் தூக்கில் போட்டதாக நான் கேள்விப்பட்டதும் இல்லை. அப்படியென்றால் சட்டத்தில் அந்த வரி எதற்கு?

நின்றபடியே தூங்க முடியும் என்பது பட்டாளத்துக்குப் போனால்தான் தெரியும். ஒரு பனிமலைப் போஸ்ட்டில் இரண்டு மணி நேரம் காவல், நான்கு மணி நேரம் ஓய்வு என்பது கணக்கு. ஆள் பற்றாததால் ஓய்வும் இரண்டு மணி நேரமாகி நாலைந்து நாள் ஆகியிருந்தது. விடிகாலையில் யாரோ தோளைத் தொட்டார்கள். எங்கள் ஹவில்தார், காங்கேயத்துக்காரர்.

“கண்ணு, உன்ற துப்பாக்கி எங்கே?” என்றார். அது அவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. கையிலிருந்து எடுத்ததுகூட எனக்குத் தெரியவில்லை. அவர் ரிப்போர்ட் எழுதவில்லை. ஒரு வாரம் லங்கரில் (பட்டாளச் சமையற்கூடத்தில்) வெங்காயம் உரிக்க விட்டார். அதற்குப் பிறகு நான் காவலில் தூங்கியதே இல்லை. அன்றைக்குப் போர் நடந்துகொண்டிருந்தால், அதே தூக்கம் 34ஆம் பிரிவில் போயிருக்கும்.

காட்டிக் கொடுப்பவனுக்காக நான் வாதாட வரவில்லை. தூக்கத்தை மட்டுமாவது அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிடலாம். நாடாளுமன்றம் நினைத்தால் ஒரு வரித் திருத்தம்தான். அதற்கு முன்னால் உங்கள் கட்டுரையின் கடைசி வரியையும் திருத்திப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர்,
சங்ககிரி