ஓடைக் கரைக்குக் கல் கேட்போருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சேர்வராயன் மலையடிவாரத் தோட்டங்களிலிருந்து, சரபங்கா, திருமணிமுத்தாறு பக்கத்து ஓடைக் கரைகளிலிருந்து, “கரை அரிக்குது, நாலு லோடு கல் கொட்டுங்க” என்று கேட்கிறீர்கள். எங்கள் மதிப்பீட்டில் ஜல்லியும் அடிப்பள்ளமும் சேர்ந்திருப்பது பலருக்கு வீண் செலவாகத் தெரிகிறது. அவற்றை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் கொட்ட எங்களுக்கு மனம் வராது. காரணம் இதுதான்.

வெள்ளம் முதலில் கரையின் காலை, அதாவது அடிப்பகுதியைத்தான் அரிக்கும். கால் போனால் மேலே அடுக்கிய கல் மொத்தமும் சரிந்து ஓடைக்குள் போய்விடும். அதனால் ஓடைத் தரைக்குக் கீழே 3 அடி ஆழம், 3 அடி அகலத்தில் பள்ளம் எடுத்து, பெரிய கற்களை அதில் இறக்குகிறோம். தரை மணலாக இருந்தால் இன்னும் ஆழம் வேண்டும்.

அடுத்தது சரிவு. 1 அடி உயரத்துக்கு 2 அடி படுக்கை. இடம் போகிறதே என்று செங்குத்தாக விட்டால் கல் நிற்காது. சரித்த மண்ணின் மேல் அரை அடி ஜல்லி, அல்லது ஜியோ டெக்ஸ்டைல் துணி (மண்ணைத் தடுத்து, நீரை மட்டும் விடும் செயற்கைத் துணி). இங்கே கிராவல் என்று விற்கும் செம்மண் இதற்கு ஆகவே ஆகாது. வெள்ளம் வடியும்போது கரைக்குள் ஊறிய நீர் கல் இடுக்கு வழியாக வெளியே வரும். ஜல்லி இருந்தால் தெளிவாகக் கசியும். இல்லாவிட்டால் கலங்கலாக வரும். அந்தக் கலங்கல் உங்கள் கரை மண்தான். கல்லுக்குப் பின்னால் பொந்து விழ ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இடுக்கைச் சிமெண்ட் பூசி அடைப்பதும் தப்பு: நீர் வெளியேற வழியில்லாமல் பின்னாலிருந்து தள்ளி, பூச்சு வெடிக்கும்.

கல் உடைத்த கருங்கல்லாக, முனையோடு இருக்க வேண்டும். உருண்டைக் கல் ஒன்றோடொன்று பூட்டாது. சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கணும். மொத்தென்று கேட்டால் அந்தக் கல்லைத் திருப்பி அனுப்புங்கள். சரிவின் மேல் கல் அடுக்கு ஒன்றரை அடி கனம் இருக்கணும். அதற்குப் பாதிக்குமேல் 1 அடிக் கல், மீதி அரை அடி முதல் முக்கால் அடி வரை கலந்து வரணும். லாரியிலிருந்து கரை மேலிருந்தே தள்ளினால் பெரியது அடிக்கு உருண்டு, சிறியது மேலே தங்கிவிடும். பொக்லைன் வைத்து அடியிலிருந்து மேலாக அடுக்க வேண்டும்.

6 அடி உயரக் கரைக்குச் சரிவு நீளம் சுமார் 13½ அடி. அடிப்பள்ளத்தையும் சேர்த்தால் 10 அடி நீளத்துக்கு ஏறத்தாழ 3 யூனிட் கல் (ஒரு யூனிட் 100 கன அடி), முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக ஜல்லி. இரண்டு முனைகளையும் 4 அடி கரைக்குள் வெட்டிப் புதைக்க வேண்டும், அதற்கான கல் தனி. முனை திறந்திருந்தால் வெள்ளம் பின்பக்கமாகப் புகுந்துவிடும்.

ஓடையைக் குறுக்கிக் கல் போட மாட்டோம், எதிர்க்கரைக்காரர் நிலம் போய்விடும். ஓடைப் புறம்போக்கில் கை வைக்கும் முன் அளந்து, அனுமதி வாங்கிவிடுங்கள்.

வேலையைச் சித்திரையில், ஓடை வறண்டிருக்கும்போது வையுங்கள். மேல் விளிம்பில் வெட்டிவேரோ நொச்சியோ நடலாம். ஐப்பசி மழையின் முதல் வெள்ளம் வடிந்ததும் கரையில் நடந்து பாருங்கள். மிதித்தால் ஆடும் கல், உள்வாங்கிய இடம் இருந்தால் உடனே நிரப்பவேண்டும். அதற்காக 1 யூனிட் கல்லை ஓரமாக ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
கல், மண் வேலைக் கடை, சேலம்