பழைய படத்தைத் தூக்குமுன் ஒரு நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சினிமாவில் வரும் துப்பாக்கிகளின் படங்களைப் பலரும் சேர்ந்து தொகுக்கிற வேலையில் நானும் அவ்வப்போது தலைகாட்டுபவன். மங்கலான படத்தை எடுத்துவிட்டுத் தெளிவானதைப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் தெளிவாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வேறு மாடல் துப்பாக்கியின் படத்தை வைத்துவிடுகிறார்கள். ஜேம்ஸ் பாண்ட் என்றால் வால்தர் பிபிகே கைத்துப்பாக்கி என்று எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் 1962-இல் வந்த டாக்டர் நோ படத்தில் பாண்டாக நடித்த ஷான் கானரியிடம் இருந்தது சற்றே நீளமான வால்தர் பிபி, அடுத்த படத்தின் விளம்பரத்துக்கு அவர் பிடித்துக்கொண்டு நின்றதோ எல்பி-53 என்ற காற்றுத் துப்பாக்கி (நம்பவே மாட்டீர்கள், தேடிப் பாருங்கள்)! ஸ்டார் வார்ஸில் ஹான் சோலோ வைத்திருக்கும் துப்பாக்கி, மௌசர் சி96 என்ற நிஜக் கைத்துப்பாக்கியை வைத்துச் செய்தது. விசைக்கு முன்னால் துருத்தும் தோட்டாப் பெட்டியே காட்டிக்கொடுத்துவிடும். அதற்காக வெறும் மௌசர் படத்தை அங்கே போட்டால் மேலே பொருத்திய தொலைநோக்கி எங்கே போயிற்று?

சரி, மாற்றுங்கள். பழைய படத்தை அழிக்காமல் பக்கத்திலேயே விட்டுவையுங்கள், எடுத்தவர் பெயரோடு.

இப்படிக்கு,
ஒரு வாசகன்