அக்காவுக்கு: ஷியும் ட்சுவும்

அக்கா,

ஜப்பான் வேலைக்கு நேற்று மதியம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேறு யாராவது சொல்லி உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டு நிலவரம் உனக்குத் தெரிந்ததுதான். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் இதைப் படிப்பார்கள், அதனால் அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

எனக்கு அந்த பஸ்தான் நினைவில் நிற்கிறது. சேர்வராயன் கோயிலுக்குப் போய்விட்டு ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். மழை விட்டிருந்தது, ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி. "மடியில என்னடி நோட்டு?" என்று பிடுங்கினாய். "இருபது வளைவு இருக்கு. வளைவுக்கு ஒரு எழுத்து கேக்கறேன், சொல்லு."

ஜப்பானிய எழுத்தில் ஹிரகானா என்ற வரிசையில் நீ கேட்டதெல்லாம் சொன்னேன். கட்டகானா என்ற இன்னொரு வரிசையில் ஷி, ட்சு வந்ததும் மாட்டிக்கொண்டேன். இரண்டிலும் இரண்டு சின்னக் கோடு, ஒரு நீளக் கோடு. 37 வயசில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. நீ நோட்டை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாய். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசுக்கு சலங்கை பத்தவைக்கிற கண் அது. "கோடு எங்க ஆரம்பிக்குதுன்னு பாருடி" என்று கண்ணாடியில் விரலால் இழுத்துக் காட்டினாய். ஷிக்கு நீளக் கோடு கீழேயிருந்து ஏறுகிறது, ட்சுவுக்கு மேலேயிருந்து இறங்குகிறது. அதற்கப்புறம் நான் அதில் தப்பு செய்ததே இல்லை.

எட்டாவதோடு உன்னை நிறுத்திவிட்டு என்னை நர்சிங் வரைக்கும் படிக்க வைத்தார்கள். அதற்கு நான் இதுவரை உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மன்னித்துக்கொள்.

ஜப்பானிய மொழி வகுப்பில் எல்லாமே இங்கிலீஷ் வழியாகத்தான். மண்டையில் ஏறவில்லை. ஒரு ராத்திரி "தாபெதெ மிதெ" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். என்ன அர்த்தம் என்று கேட்டாய். "சாப்பிட்டுப் பாரு" என்றேன். தாபெதெ என்றால் சாப்பிட்டு, மிதெ என்றால் பாரு. "இது நம்ம பேச்சுதானே" என்றாய். அன்றைக்குத்தான் இங்கிலீஷைத் தள்ளி வைத்தேன். வினையைக் கடைசியில் போட்டு, தமிழில் யோசித்து ஜப்பானிய மொழியில் பேச ஆரம்பித்தேன். கான்ஜி என்கிற, சீனத்திலிருந்து வந்த எழுத்து மட்டும் இன்றைக்கும் பாடாய்ப் படுத்துகிறது. 15 வருஷமாகப் படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டியவள், அதை ஜொகுசோ என்று அவர்கள் எழுத்தில் எழுத ஒரு வாரம் ஆனது. என்-4 என்கிற ஜப்பானிய மொழித் தேர்வும் இரண்டாவது தடவையில்தான் தேறினேன்.

அப்படிச் சொல்லிக்கொடுத்த நீதான், ஆடிப் பண்டிகைக்கு வந்த கூட்டத்துக்கு நடுவே "பிள்ளைய விட்டுட்டு ஓடறா" என்றாய். பிள்ளையும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். நீ பார்க்கவில்லை.

முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு எனக்குக் கிடைக்கிற விசாவில் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அதிகபட்சம் 5 வருஷம். இது நான் போட்ட சட்டமா? விண்ணப்பித்ததை உன்னிடம் மறைத்தது தப்புதான். சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், நானும் அதோடு விட்டிருப்பேன். பிறகு ஆயுசுக்கும் உன்மேல் கோபப்பட்டிருப்பேன்.

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அங்கேயும் யாரும் வெறுமனே "போறேன்" என்பதில்லை. "இத்தே கிமாஸ்" என்பார்கள், போயிட்டு வரேன் என்றே அர்த்தம். அதைப் படித்த அன்று, "போறேன்னு சொல்லாதடி" என்று நீ வாசலில் அதட்டுவது அப்படியே காதில் கேட்டது.

இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. என் நோட்டைப் பிள்ளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதிப் பார்க்கிறான். ட்சுவைக் கீழேயிருந்து இழுக்கிறான். நான் சொன்னால் முறைக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன், நீயே பக்கத்தில் உட்கார்ந்து காட்டு.