சியூ ஜின்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சீனக் கவிஞர் சியூ ஜின் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அவர் சீனாவின் சிங் மன்னராட்சியை வீழ்த்திய 1911 புரட்சியில் உயிர்நீத்ததாகக் கூறுகிறது. ஷாவோசிங் நகரில் அவர் தலை துண்டிக்கப்பட்டது 1907 ஜூலை 15 அன்று. சிங் அரசு வீழ்வதற்கு அதன்பின் நான்காண்டுகளுக்கு மேலாயிற்று.

அக்காலச் சீனப் பெண்களின் வழக்கப்படி இறுகக் கட்டப்பட்ட பாதங்களை அவிழ்த்துக்கொண்டு, நகைகளை விற்று, இரு குழந்தைகளையும் கணவரையும் பிரிந்து 1904-இல் ஜப்பான் சென்று படித்த அவர், தாயகம் திரும்பியபின் ஷாங்காயில் நடத்திய பெண்கள் இதழைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது வியப்பளிக்கிறது. பணமில்லாமல் இரண்டே இதழ்களோடு அது நின்றுபோனது என்பது வேறு.

சக புரட்சியாளர் சூ சிலின் அன்ஹுயி மாகாண ஆளுநரைச் சுட்டுக் கொன்றதைத் தொடர்ந்து, டாடோங் பள்ளியை நடத்திவந்த சியூ ஜின்னும் கைதானார். வாக்குமூலம் எழுதச் சொல்லித் தந்த தாளில் அவர் எழுதியதாகச் சொல்லப்படுவது ஏழே சீன எழுத்துகள்: இலையுதிர்கால மழையும் காற்றும் மனத்தை வதைத்துக் கொல்கின்றன. ‘சியூ’ என்ற அவருடைய குடும்பப் பெயருக்கே இலையுதிர்காலம் என்றுதான் பொருள். மொழிபெயர்ப்பில் இந்தச் சிலேடை காணாமற்போவதால், அது வெறும் பருவகாலப் புலம்பலாகிவிடுகிறது.

தோழியர் சூ சிஹுவாவும் வூ ஜியிங்கும் ஹாங்ஜோவின் மேற்கு ஏரிக்கரையில் 1908-இல் எழுப்பிய கல்லறையை அவ்வாண்டே அரசு அகற்றச் செய்தது. இன்று அதே ஏரிக்கரையில் அவருடைய வெண்ணிறச் சிலை நிற்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்