தண்ணி பள்ளம் பார்க்காத இடம்

கிறெனோபிள், பிரான்ஸ்
மாசி மாதம்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கு நல்லூரானை வேண்டுகிறேன். போன கிழமை கதைக்கும்போது, "அங்கே என்ன பிள்ளை வேலை, தொட்டிக்குள்ளே தண்ணி விடுறதோ?" என்று அப்பா கேட்டுச் சிரித்தீர்கள். மறுமொழி சொல்ல முன்னம் லைன் அறுந்துபோயிற்று.

ஓம் அப்பா, தொட்டிக்குள் தண்ணி விடுவதுதான் வேலை. ஆனால் இந்தத் தொட்டி சுற்றும். குறுக்களவு 13 மீட்டர். எங்கள் முற்றம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். உள்ளே கடலடிச் சரிவைப்போல ஒரு பலகைச் சரிவு வைத்திருக்கிறோம். அதன் மேல் விளிம்பில் சிவப்புச் சாயம் கலந்த உப்புத் தண்ணீரை மெல்லத் திறந்துவிடுவோம். ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு பாரம் கூடினாலே போதும், அது அடியைப் பிடித்து ஓடத் தொடங்கும். மிஞ்சி இறைத்தால் கிணறு உவராவது ஏன் என்று தெரிந்த உங்களுக்கு, உப்புத் தண்ணி கீழே கிடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

தொட்டி நின்றால் எல்லாம் நீங்கள் சொன்னபடிதான். தண்ணி பள்ளம் பார்க்கும். சரிவில் நேரே இறங்கும். சுற்றவிட்டால்தான் கூத்து. சிவப்பு நாக்கு கொஞ்சத் தூரம் இறங்கும், பிறகு வலப்பக்கம் வளையும், கடைசியில் மேட்டை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சரிவுக்குக் குறுக்கே போகும். இறங்காது! முதல் தரம் பார்த்தபோது மண்வெட்டி எடுத்து வரம்பை வெட்டிவிடவேணும்போல கை துடித்தது. பாரம் கீழே இழுக்கிறது, சுழற்சி வலப்பக்கம் தள்ளுகிறது. இரண்டும் சமனாகும் இடத்தில் தண்ணீர் குறுக்கே ஓடுகிறது. சரிவு கூடினால் வேகம் கூடும், சுழற்சி கூடினால் குறையும். தரையோடு உரசுகிற மெல்லிய படை மட்டும் உங்கள் சொல்லைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கசிகிறது. சரிவில் ஒரு வாய்க்கால் வெட்டினாலும் கதை மாறும்: அதன் சுவரில் சாய்ந்துகொண்டு இறங்கிவிடும்.

முதல் மாதம் ஒரு பிழை விட்டேன். தொட்டித் தண்ணீர் முழுவதும் ஒன்றாகச் சுற்றத் தொடங்க மணித்தியாலக்கணக்காகும். நான் அவசரப்பட்டுத் திறந்துவிட்டேன். சாயம் எல்லாம் கலங்கி, ஒரு நாள் வேலை பாழ். ஒருவரும் ஏசவில்லை, அதுதான் கூட வெட்கம்.

இதெல்லாம் எதற்கு என்று அம்மா கேட்பா. கிறீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையில், கடலடியில் ஒரு வரம்பு இருக்கிறது. அதற்கு மேலால் நொடிக்கு ஏறக்குறைய 30 லட்சம் கன மீட்டர் பாரமான குளிர்நீர் வழிகிறது. பூமியும் தொட்டியைப்போலச் சுற்றுவதால் அதுவும் நேரே விழாது. கிறீன்லாந்துச் சரிவை வலக்கைப் பக்கம் வைத்தபடி தென்மேற்காகப் பல நூறு கிலோமீட்டர் போய்த்தான் ஆழத்துக்கு இறங்குகிறது. நமது தொட்டி அதன் குட்டி.

பூமியின் இந்தத் தள்ளல் யாழ்ப்பாணத்தில் இங்குள்ளதில் கால்வாசிதான், மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால். அதோடு, நாள்கணக்காக ஓடுகிற நீருக்குத்தான் அது தெரியும். கிணற்றடித் தொட்டி வடியும்போது சுழிக்கிறதே, அதற்கும் பூமிக்கும் சம்பந்தமில்லை. தம்பியிடம் சொல்லுங்கள், பந்தயம் கட்டியிருந்தான்.

இங்கே பனி இன்னும் விடவில்லை. கதவைத் திறந்தால் குளிர் முதலில் கணுக்காலைத்தான் பிடிக்கும். பாரக் காற்று நிலத்தோடு தவழ்ந்து வருகிறது. அது நொடியில் வந்துவிடுவதால் வளைய நேரமில்லை, நேரே வந்து கடிக்கும். அம்மா பின்னித் தந்த காலுறையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கறிவேப்பிலை முடிந்துவிட்டது, பாரிசுக்குப் போய் வாங்க றெயினில் மூன்று மணித்தியாலம், அடுத்த மாதம்தான் முடியும்.

வெங்காயம் கிண்டியாச்சோ? மேற்குப் பக்கப் பாத்திக்குத் தண்ணி ஏறவில்லை என்றீர்கள். வாய்க்காலை ஒரு படம் எடுத்து தம்பியை அனுப்பச் சொல்லுங்கள்.

அன்பு மகள்