இலை கொட்டும் மாதத்தில் ஏரிக்கரைச் சாலை

சுங்கை சிப்புட்

அன்புள்ள கூட்டாளி,

நலம், நலமறிய ஆவல். சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அமெரிக்காவில் நான் தின்றதுதான் காரணம் என்று வீட்டுக்காரி சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

உன் குரல் பதிவைக் கேட்டேன். அடுத்த அக்டோபரில் மகன் கனடாவில் தொரந்தோவுக்குக் கூப்பிடுகிறான், அங்கிருந்து காரில் நிறம் மாறும் இலை பார்க்கப் போகலாம் என்கிறான், "இலையைப் பார்க்க எவனாவது பிளேன் ஏறிப் போவானாடா?" என்று கேட்டிருந்தாய். போவார்கள். நானே போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கைப்பேசியில் தட்டினால் விஷயம் அடங்காது, அதனால்தான் கடிதம்.

மகள் இருப்பது ரோச்செஸ்டரில். நியூயார்க் மாநிலம்தான், ஆனால் நீ படத்தில் பார்க்கும் உயரக் கட்டட நியூயார்க்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த மாநகரம் அங்கிருந்து காரில் ஐந்து மணி நேரத்துக்கும் மேல். ரோச்செஸ்டருக்குத் தெற்கே இறங்கினால் சோளக்காடு, ஆப்பிள் தோப்பு, திராட்சைக் கொடி, நடுநடுவே ஏரிகள். மொத்தம் 11 ஏரிகள், எல்லாம் வடக்குத் தெற்காக ஒல்லியாக நீண்டு கிடக்கின்றன. வரைபடத்தில் விரல் மாதிரி தெரிவதால் ஃபிங்கர் லேக்ஸ் என்று பெயர். ஒரு காலத்தில் வடக்கிலிருந்து பனியாறுகள் இறங்கி, அங்கே இருந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளைச் சுரண்டிச் சுரண்டி ஆழமாக்கிவிட்டன. பனி உருகிப் போன பிறகு பள்ளத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. செனெகா ஏரியின் ஆழம் 188 மீட்டர். அதன் அடித்தரை கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது என்று மருமகன் சொன்னபோது நான் நம்பவில்லை. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிதான். பக்கத்திலிருக்கும் கயூகா 60 கிலோமீட்டருக்கு மேல் நீளம். இரண்டுமே அந்த மண்ணின் பூர்வகுடிகளுடைய பெயர்கள்.

ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். முதலில் கனண்டேகுவா ஏரி, அதன் மேற்குக் கரையை ஒட்டியே தெற்கே போனால் நேப்பிள்ஸ் என்ற சின்ன ஊர். வீட்டுக்காரி குற்றப்பத்திரிகை எழுதிய இடம் இதுதான். அங்கே திராட்சைப் பை என்று ஒரு பலகாரம் விற்கிறார்கள். கான்கார்ட் என்ற கறுப்புத் திராட்சையின் தோலைப் பிதுக்கித் தனியாக எடுத்துவிட்டு, உள்ளிருக்கும் சதையை வேகவைத்து, விதையை வடிகட்டி, மறுபடி தோலோடு சேர்த்துச் சர்க்கரை போட்டு மாவுக்குள் வைத்துச் சுடுகிறார்கள். ஊதா நிறத்தில் பல் எல்லாம் கறையாகிவிடும். ஒரு துண்டோடு நான் நிறுத்தவில்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

அதற்கடுத்தது கியூகா ஏரி. மற்ற விரல்களெல்லாம் நேராக இருக்க, இது மட்டும் கவட்டை போல இரண்டாகப் பிரிந்திருக்கும். அதன் வட முனையில் பென் யான் என்ற ஊர். அந்தப் பக்கம் மென்னனைட் என்ற கிறிஸ்துவப் பிரிவினர் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீ காரில் போய்க்கொண்டிருக்கும்போது எதிரே கறுப்புக் குதிரை வண்டி டக்டக்கென்று வரும். வேகத்தைக் குறைத்து வழிவிட வேண்டும். வீட்டு வாசலில் பூசணிக்காயை அடுக்கி வைத்து, பக்கத்தில் ஒரு காசுப் பெட்டி. விற்க ஆளில்லை. நாமே எடுத்துக்கொண்டு நாமே காசைப் போட வேண்டியதுதான். நம் பட்டணத்தில் இப்படி வைத்தால் பூசணி ஒரு மணி நேரம் நிற்குமா, பெட்டி நிற்குமா என்று நானும் மருமகனும் பந்தயம் கட்டிக்கொண்டோம்.

இரவு செனெகாவின் தென்முனையில், வாட்கின்ஸ் க்ளென்னில் தங்கினோம். அறை வாடகையைக் கேட்டால் உனக்கு மயக்கம் வரும். இலை பார்க்கும் வாரங்களில் மட்டும் இந்த விலையாம். ஊருக்குள்ளேயே ஒரு மலைப்பிளவு, அதற்குள் 19 அருவிகள், கல்படிகள் 800க்கும் மேல். மகளும் மருமகனும் ஏறினார்கள். நான் முழங்காலை நினைத்துக் கீழேயே கோப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் கயூகாவின் மேற்குக் கரையில் 89ஆம் எண் சாலை. டாகானக் அருவியைப் பார்க்க நடக்கவே வேண்டாம், கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே மேடை. 65 மீட்டர் உயரம், நயாகராவைவிடப் பத்து மீட்டர் கூட. ஆனால் தண்ணீர் குறைவு, உயரத்தை வைத்து ஏமாந்துவிடாதே. ஏரி வடக்கே முடியும் இடத்துக்குப் பக்கத்தில் செனெகா ஃபால்ஸ், 1848இல் பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று மாநாடு கூட்டித் தீர்மானம் போட்ட ஊர். மகள் இறங்கிப் பார்த்தாள், நாங்கள் காரில் தூங்கினோம்.

சரி, இலைக்கு வருகிறேன்.

படத்தில் பார்ப்பதுபோல மலை முழுக்க ஒரே சிவப்பாக இருக்காது. ஹிக்கரி, பர்ச் மரங்களெல்லாம் மஞ்சள். சர்க்கரை மேப்பிள் ஆரஞ்சு. செம்மேப்பிள்தான் ரத்தச் சிவப்பு. ஓக் கடைசியாகப் பழுத்துச் செங்கல் நிறத்துக்குப் போகும். நடுவே ஊசியிலை மரங்கள் பச்சையாகவே நிற்பதால்தான் மற்ற நிறங்கள் எடுப்பாகத் தெரிகின்றன. காலையில் காரின் வைப்பரில் ஒரு மேப்பிள் இலை சிக்கியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். நரம்பு ஓடிய இடமெல்லாம் இன்னும் பச்சை, நரம்புக்கு நரம்பு இடையில் மட்டும் சிவப்பு. காம்பின் நுனி கத்தியால் சீவியதுபோல் மழமழவென்று இருந்தது. காற்று பிய்த்துப் போட்ட இலை அப்படி இருக்காது. பகல் குறுகக் குறுக மரமே காம்படியில் ஒரு தடுப்பை வளர்த்து இலையைக் கழற்றிவிடுகிறது. பச்சையம் சிதைந்ததும், அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை, அது முன்பே இருந்ததல்ல. வெளியேற வழியில்லாமல் இலையில் தங்கிப்போன சர்க்கரையிலிருந்து கடைசி நேரத்தில் புதிதாக உண்டாகிறது. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத அளவுக்குக் குளிர் என்று அமைந்தால் அந்த வருடம் சிவப்பு அதிகம்.

இதையெல்லாம் மருமகன் விளக்கும்போது எனக்கு இங்கே மலேசியாவில் நம் ரப்பர் தோட்டம்தான் ஞாபகம் வந்தது. உனக்கும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். தைப்பூசம் முடிந்து வெயில் ஏறியதும் பால்மரம், அந்த ரப்பர் மரம், பழுக்குமே? மஞ்சள், செம்பு, சில மரத்தில் நல்ல சிவப்பு. ஒரு காம்புக்கு மூன்று இலையாகக் கொட்டும். நாம் குடியிருந்த தொழிலாளர் வரிசை வீடு, அந்த லயத்துக்குப் பின்னால் கணுக்கால் வரை இலை கிடக்கும். அங்கே குளிர் செய்கிற வேலையை இங்கே வறட்சி செய்தது, அவ்வளவுதான் வித்தியாசம். நாம் பிறந்ததிலிருந்து வருடா வருடம் இலையுதிர் காலத்துக்குள்தான் இருந்திருக்கிறோம். அதை அழகு என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை.

எப்படிச் சொல்வார்கள்? இலை கொட்டினால் பால் குறையும், பால் குறைந்தால் சம்பளம் குறையும். புது இலை விட்டு முற்றும் வரை மரத்துக்கு ஓய்வு என்று சில நிரைகளை நிறுத்தியும் வைப்பார்கள். மரத்துக்கு ஓய்வு என்றால் நமக்கு அரை வயிறு. அம்மா பால் பிடிக்கும் மங்கில் விழுந்த இலையைப் பொறுக்கி எறிந்துகொண்டே திட்டுவாள், இலையைத் திட்டுகிறாளா கங்காணியைத் திட்டுகிறாளா என்று தெரியாது. மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைக்கூட விடாமல் உரித்து எடுப்பாள். அந்த மாதங்களில் மளிகைக் கடைக்காரரின் கடன் புத்தகத்தில் நம் வீட்டுப் பக்கம் மட்டும் வேகமாக நிறையும். இலை நிறம் மாறினால் அங்கே ஓட்டல்காரன் வாடகையை ஏற்றுகிறான். நமக்கு அரிசியைக் குறைத்தார்கள். ஏரிக்கரையில் நின்று எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது எனக்குள் ஓடியது இதுதான். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் "அப்பா, லீவில் வந்த இடத்திலுமா?" என்பாள்.

சரி, நீ போவதென்றால் சில விஷயங்கள். கனடா விசா இருந்தால் போதும் என்று நினைக்காதே, எல்லையைத் தாண்ட அமெரிக்க விசா தனியாக எடுக்க வேண்டும். இப்போதே விண்ணப்பித்துவிடு. அக்டோபர் நடுவில் போவதுதான் தோது. ஏரித் தண்ணீர் கோடைச் சூட்டை வைத்துக்கொண்டிருப்பதால், மேட்டில் இலை கொட்டிய பிறகும் கரையோரத்தில் நிறம் தங்கியிருக்கும். மாநிலச் சுற்றுலாத் துறை இலையுதிர் காலத்தில் வாரா வாரம் எந்த வட்டாரத்தில் எவ்வளவு பழுத்திருக்கிறது என்று அறிக்கை போடுகிறது. ஊருக்கு ஊர் தன்னார்வலர்கள் பார்த்துச் சொல்வதாம். மகனைப் பார்க்கச் சொல். அக்டோபர் இரண்டாவது திங்கள் அமெரிக்காவில் விடுமுறை, கனடாவிலும் அன்றைக்குத்தான் நன்றி நாள். அந்த வாரக் கடைசியை மட்டும் தவிர்த்துவிடு, சாலை ஊர்ந்துதான் போகும்.

இன்னொன்று, இது யாரும் சொல்ல மாட்டார்கள். ஏரிகள் வடக்குத் தெற்காக இருப்பதால் மத்தியானத்துக்கு மேல் மேற்குக் கரைச் சாலையில் போ. சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்கும், எதிர்க்கரை மலை முழுவதும் வெளிச்சம் விழுந்து எரியும். காலையில் போனால் அதே மலை கறுப்பாக நிற்கும், கண்ணும் கூசும். பொழுது சாய்ந்தபின் மகனை மெதுவாக ஓட்டச் சொல். அந்தப் பருவத்தில் மான்கள் சாலையில் குறுக்கே பாயும். அங்கே ஜெனீவா என்ற ஊர்ப் பக்கம் போனால் எம்பயர் என்ற ஆப்பிளை வாங்கிச் சாப்பிடு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது, அவர்கள் உருவாக்கி 1966இல் வெளியிட்ட ரகம் அது. கடித்தால் நறுக்கென்று சாறு வரும். நமக்கு இங்கே மெழுகு பூசி வருவதெல்லாம் வெறும் சக்கை.

போவதா வேண்டாமா என்று கேட்டாய். போ. உன் காசில் இல்லை, மகன் காசில்தானே? ஆனால் அதற்கு முன்னால் இங்கே வா.

நம் தோட்டம் முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனையாகி வருடங்கள் ஆகிவிட்டன. செம்பனைக்கு ஏது பருவம், பன்னிரண்டு மாதமும் அதே அழுக்குப் பச்சை. பால்மரம் மிச்சமிருப்பது சிறு தோட்டக்காரர்களிடம்தான். அப்படி மிச்சமிருக்கும் ஒரு வழி குவாலா கங்சாரிலிருந்து சாவுக், லெங்கோங் போகும் சாலை. அங்கேயும் ஏரி உண்டு. 1930இல் கட்டி முடித்த செண்டரோ அணையின் தண்ணீர், அதற்கு மேலே ராபான் ஏரி. பிப்ரவரி கடைசியில் போனால் தண்ணீர் ஓரமாகப் பால்மரம் பழுத்து நிற்கும். மார்ச் ஆனால் கொழுந்து வந்துவிடும். அந்தச் செம்பு நிறக் கொழுந்து தொங்குவதும் பார்க்க வேண்டியதுதான், மேப்பிளுக்கு வசந்தத்தில் இந்த அழகு வருமா என்று மகளிடம்தான் கேட்க வேண்டும். ராபானில் ஆற்றுமீன் சாப்பிடலாம். லெங்கோங்கில் புளிக்க வைத்த மீன், பெக்காசாம் வாங்கிக்கொள்ளலாம், உன் வீட்டில் நாற்றம் என்று சத்தம் போட்டால் நான் பொறுப்பில்லை.

போகிற வழியில் குவாலா கங்சாரில் அந்தக் கிழட்டு மரத்தையும் பார்த்துவிடுவோம். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 கன்றுகளை அங்கே நட்டார்கள். ஒன்று மட்டும் மாவட்ட அலுவலகத்துப் பக்கம் வேலி போட்டு நிற்கிறது. நம் தாத்தாக்களைக் கப்பலேற்றியது அந்தக் கன்றுக் கூட்டம்தானே. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம்.

காரில் வராதே, உன் கண்ணுக்கு நெடுஞ்சாலை சரிப்படாது. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையம் வந்துவிடு. அங்கிருந்து இடிஎஸ் ரயில் சுங்கை சிப்புட்டிலேயே நிற்கும். எல்லா ரயிலும் நிற்காது, டிக்கெட் எடுக்கும்போது பார்த்துக்கொள். தைப்பூசம் முடிந்த கையோடு தேதியைச் சொல், வீட்டில் அறை காலியாகத்தான் இருக்கிறது. தங்கச்சியையும் அழைத்து வா. இங்கே இவளுக்கும் பேச ஆள் வேண்டும், என் சர்க்கரையைப் பற்றிப் புகார் சொல்ல.

அன்புடன்,
உன் பழைய லயத்துக் கூட்டாளி